கல்லுக்குக் காவல்

மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால், கிருஷ்ணப்பன் முதலில் ஒருமுறை துப்பிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

“கல்லுக்குக் காவல். இங்கிலாந்துல கடலோரத்துல அஞ்சு கிலோமீட்டருக்குக் கல்லு கெடக்குதாம். அதை எவனும் பொறுக்கிக்கிட்டுப் போயிடாம எம் மவன் பாத்துக்கறான். எம்மெஸ்ஸி படிச்சிருக்கறான், அந்த வேலைக்கு.”

அவருடைய இளக்காரத்துக்குக் காரணம் அவருடைய கொல்லையில் கிடந்தது. இண்டூரிலிருந்து நாகாவதி அணைக்குப் போகிற வழியில் மூன்று ஏக்கர் மானாவாரி. மேலே பார்த்தால் செம்மண், உழுதால் கல். டிராக்டர் ஒரு சுற்று வந்து திரும்பியதும் கிருஷ்ணப்பனும் மாதம்மாளும் ஆளுக்கொரு இரும்புச் சட்டியோடு இறங்குவார்கள். குனிந்தால் மதியக் களிக்குத்தான் நிமிர்வது. பொறுக்கிய கல்லை வேலியோரமாகக் கொட்டிக் கொட்டி அது இடுப்பளவு சுவராக நீண்டு கிடந்தது. அடுத்த மழை பெய்ததும் கொல்லை புதிதாகக் கல் ஈன்று வைத்திருக்கும். நாற்பது வருடத்தில் கிருஷ்ணப்பனின் வலது கட்டைவிரலில் நகம் மூன்றுமுறை போய், நான்காவது முறை முளைக்கவே இல்லை.

அப்படிப்பட்டவருடைய ஒரே மகன் கதிரவன் தர்மபுரியில் புவியியல் படித்தான். சென்னைக்குப் போய் மேலே படித்தான். அங்கிருந்து உதவித்தொகை வாங்கிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனான். கடைசியில் கிழக்குக் கடற்கரையில் கூழாங்கல்லால் ஆன ஒரு நீண்ட நாக்கைப் பாதுகாக்கிற அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தான். நாக்கு என்று அவன்தான் சொன்னான். ஒரு முனை கரையில் ஒட்டியிருக்க, மறுமுனை கடலுக்குள் நீண்டுகொண்டே போகிற கல்மேடு. ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. ‘லண்டன்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். கிருஷ்ணப்பன்தான் நிறுத்தவிடமாட்டார்.

“லண்டனும் இல்ல, கிண்டனும் இல்ல. லண்டனுக்கு ரயில்ல மூணு மணி நேரம் போவணுமாம். இவன் இருக்கற எடத்துல டீக்கடைகூடக் கெடையாது” என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கதிரவன் வீடியோவில் வருவான். அங்கே அப்போது காலை பத்தரை. மாதம்மாள் செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்து எதிரே உட்காருவாள். கிருஷ்ணப்பன் மூன்றடி தள்ளி, சுவரைப் பார்த்துத் திரும்பி, அவரைக்காய் உரித்துக்கொண்டோ மாட்டுக்கயிறு முறுக்கிக்கொண்டோ இருப்பார். போனுக்கு முன்னால் வரமாட்டார். அந்த இடத்தை விட்டு எழுந்தும் போகமாட்டார்.

மகன் நடந்துகொண்டே அம்மாவுக்குக் காட்டுவான்.

“இதுதாம்மா அடிப்பக்கம். ஊரு இதோட முடியுது. ஒரு மொட்டைக் கோபுரம் தெரியுதா? அது சர்ச்சு. மேல்பாதி இடிஞ்சு ரொம்ப வருசமாச்சு. இங்கிருந்து கல்லு ஆரம்பிக்குது. இங்க ஒவ்வொண்ணும் களி உருண்டை அளவு இருக்கும். போவப் போவ எலுமிச்சங்கா அளவு, நெல்லிக்கா அளவு. நுனிக்குப் போனா மொச்சைக்கொட்டைதான். கடலே சலிச்சுச் சலிச்சுப் போடுது.”

“கடலு சல்லடை வெச்சிருக்குது. எம் மவன் அதுக்குக் கூலியாளு” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார் கிருஷ்ணப்பன்.

“இந்த எடம் கழுத்து. இந்தப் பக்கம் கடலு, அந்தப் பக்கம் சேத்து ஓடை. நடுவுல நாப்பதடிதான் அகலம்.”

“நாப்பதடி. நம்ம வண்டிப்பாட்டைய விடக் கொஞ்சம் பெருசு. அதுல நின்னுக்கிட்டுப் பேசறதப் பாரு, ஜமீன்தாரு மாதிரி.”

கழுத்தைத் தாண்டினால் கல்மேடு அகன்று, வரிசை வரிசையாக ஏறி இறங்கும். ஒவ்வொரு பெரும்புயலுக்கும் கடல் ஒரு வரிசைக் கல்லை ஏற்றிவிட்டுப் போனதாம். கிருஷ்ணப்பன் அவற்றுக்கு வரப்பு என்று பெயர் வைத்தார். போர்க்காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் கட்டிய நான்கு கான்கிரீட் கொட்டகைகள் கூரையில்லாமல் நின்றன. அவை ஆட்டுப்பட்டி. விளக்கு அணைந்து பல வருடமான கலங்கரை விளக்கம், வெல்ல ஆலைப் புகைக்குழாய். கடைசி நுனி உள்பக்கமாக வளைந்திருந்ததால் அதற்குக் கதிரருவா என்று பெயர். எல்லாம் கேலிக்கு வைத்த பெயர்கள். ஆனால் மாதம்மாளுக்கு அந்தப் பெயர்கள்தான் நினைவில் நின்றன. “இன்னிக்குக் கதிரருவா வரைக்கும் போனியா கண்ணு?” என்று அவள் கேட்டால் அங்கே கதிரவன் சிரிப்பான்.

ஒருநாள் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைக்காரப் பெண் குழந்தை ஒரு கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. கதிரவன் குந்தி உட்கார்ந்து சிரித்துப் பேசி அதை வாங்கி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தான். அன்றைக்குத்தான் கிருஷ்ணப்பன் சுவரிலிருந்து திரும்பிப் போனைப் பார்த்தார்.

“ஏண்டா, அந்தப் பாப்பா ஒரு கல்லு எடுத்துட்டாக் கடலு அழுதுருமா?”

“வருசத்துக்கு அறுபதாயிரம் பேரு வராங்கப்பா. ஆளுக்கொண்ணு எடுத்தா?”

“அந்த அறுபதாயிரம் பேரையும் ஏரோப்ளேன் ஏத்தி இண்டூருக்கு அனுப்பு. ஆளுக்கு ஒரு சட்டி நானே தர்றேன்.”

“மே மாசம் இதுமேலதான்ப்பா குருவி முட்டை வெக்கும். கூடெல்லாம் கட்டாது. கல்லுக்கு நடுவுலயே வெச்சிடும். முட்டையும் கல்லும் ஒரே நெறம். மிதிச்சாத்தான் தெரியும்.”

“முட்டைக்குக் கூடு கட்டத் தெரியாத குருவிக்குக் காவலு வேற” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கதிரவனுக்கு முப்பத்தொன்று ஆகியிருந்தது. இரண்டு இடத்தில் பெண் பேசி இரண்டும் கலைந்திருந்தன. முதலாவது ஜாதகத்தில் போனது. இரண்டாவது கிருஷ்ணப்பனின் வாயில் போனது. அதியமான்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த பெண்ணின் அப்பா, மாப்பிள்ளைக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார். கிருஷ்ணப்பன் யோசிக்காமல் சொன்னார்: “எண்ணி முடிக்கலீங்க. எல்லாம் உருண்டையா இருக்கறதால ஒண்ணப் பாத்தா இன்னொண்ணாட்டமே இருக்குது.” வந்தவர்கள் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

தை பிறந்ததும் மாதம்மாளின் அண்ணன் மகன் குமார் மூன்றாவது இடத்தைக் கொண்டுவந்தான். குமார் இண்டூரில் டிராக்டர் வைத்திருப்பவன். நான்கு ஊர்க் கொல்லைகளை உழுகிறவனுக்கு நான்கு ஊர் வீடுகளின் சமாச்சாரமும் தெரியும்.

“பாப்பாரப்பட்டிப் பொண்ணு, அத்தை. பேரு வெண்மதி. நம்ம இண்டூரு பேங்க்லதான் கவுண்டர்ல உக்காந்திருக்குது. அப்பா இல்ல, அம்மா மட்டும்தான். தாய்மாமன் சென்றாயன்னு ஒருத்தரு, அவரு வெச்சதுதான் அந்த வூட்டுல சட்டம். கவர்மெண்ட் ஆபீசுல சூப்ரெண்டா இருந்து ரிட்டையர் ஆனவரு.”

மாதம்மாள் பேங்க்கில் பென்ஷன் வாங்குகிற பாக்கியத்தம்மாவோடு துணைக்குப் போகிறவள்போலப் போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். படிக்கத் தெரியாத கிழவிகளுக்கு அந்தப் பெண் முகம் சுளிக்காமல் படிவம் எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அது போதும்.

பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், இருவரும் கொள்ளுச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பனி இறங்கி மண் ஈரமாக இருந்ததால் செடி வேரோடு வந்தது, வேரோடு கல்லும் வந்தது. மாதம்மாள் நிமிராமலே பேச்செடுத்தாள்.

“நாளைக்கு அவங்க வந்தா நீங்க என்னா சொல்லுவீங்க?”

“என்னா கேக்கறாங்களோ அதுக்குப் பதிலு சொல்லுவேன்.”

“அதான் வேணாங்கறேன். பையன் இங்கிலாந்துல சுற்றுச்சூழல் அதிகாரின்னு குமாரு சொல்லி வெச்சிருக்கறான். கேட்டாத் தலைய ஆட்டுங்க. வாயத் தொறக்காதீங்க.”

“அதிகாரி! எதுக்கு அதிகாரி? காத்துக்கா?”

“எதுக்கோ. உங்களுக்கு அது கல்லு. ஒவ்வொரு வாரமும் அவன் அதைக் காட்டும்போது அவன் மூஞ்சியப் பாத்திருக்கறீங்களா? நீங்க சொவத்தத்தான பாக்கறீங்க.”

கிருஷ்ணப்பன் கொள்ளுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். “நாப்பது வருசம் முதுகு ஒடியப் பொறுக்கிப் போட்டேன், அவனாவது கல்லத் தொடாம இருக்கட்டும்னு. போயும் போயும்…” என்றவர் முடிக்காமல் நடந்தார்.

மறுநாள் காலையிலிருந்தே வீட்டில் வேலை. மாதம்மாள் கடலைப்பருப்பு வேகவைத்து, வெல்லம் போட்டு அரைத்து, வாழையிலையில் தட்டி ஒப்புட்டு சுட்டாள். நெய்வாசம் தெருமுனை வரை போனது. கிருஷ்ணப்பனுக்கு வெள்ளைச் சட்டை எடுத்துவைத்தாள். “சட்டைய மட்டும் வெள்ளையா மாட்டுனாப் போதுமா, நாக்கையும் ஒருதரம் கழுவிக்கங்க மாமா” என்றான் குமார்.

நான்கு மணிக்குக் கார் வந்தது. முன்சீட்டிலிருந்து சென்றாயன் மட்டும் கையை வீசிக்கொண்டு இறங்கினார். பின்சீட்டிலிருந்து அவருடைய தங்கை நிர்மலாவும் அவள் மகள் வெண்மதியும் மடியில் பழத்தட்டோடு இறங்கமுடியாமல் இறங்கினார்கள். வழக்கமாக இதற்கெல்லாம் பெண் வரமாட்டாள். சென்றாயன்தான் அழைத்து வந்திருந்தார். மாப்பிள்ளையோடு பேசுவதானால் தன் கண்ணெதிரில் பேசவேண்டும், தனியாக நம்பர் கொடுத்து வாங்குகிற வேலையெல்லாம் கூடாது என்பது அவருடைய ஏற்பாடு.

வந்தவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். சுவரைத் தட்டிப் பார்த்தார். பாத்ரூம் கதவைத் திறந்து மூடினார். “ஓடு மாத்தணும்” என்றார். “இந்தப் பக்கம் ஒரு ரூம் எடுத்திருக்கலாம்” என்றார். இருபத்தெட்டு வருடம் மற்றவர்கள் எழுதிய தாளில் குறை கண்டுபிடித்தவருக்கு ஓய்வு பெற்ற பிறகு தாள்தான் இல்லாமல் போயிற்று, குறை நிற்கவில்லை. மாதம்மாள் வெண்மதியிடம், “பேங்க்ல வேலை ஜாஸ்தியா கண்ணு?” என்று கேட்டாள். “அதெல்லாம் சும்மா உக்காந்திருக்கற வேலைதாங்க” என்று சென்றாயன் பதில் சொன்னார். பிறகு வெண்மதியைப் பார்த்து, “கொஞ்சம் சிரிச்ச மாதிரி உக்காரு” என்றார். நிர்மலா ஒப்புட்டை எடுப்பதற்கு முன்னால் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அவர் எடுத்த பிறகுதான் எடுத்தாள்.

கிருஷ்ணப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“பையனக் கூப்புடுங்க, பேசிடலாம்” என்றார் சென்றாயன்.

கதிரவன் சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டு, அறைக்குள் உட்கார்ந்து பேசுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். குமார் போனைச் சொம்பில் சாய்த்து அழைப்பு கொடுத்தான். நான்காவது மணியில் கதிரவன் எடுத்தான். திரையில் வந்தது ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. அதற்குள் நனைந்து ஒட்டிய தலைமயிரும், மூன்று நாள் தாடியும், ராத்திரி தூங்காத கண்ணும். காற்று போனுக்குள்ளிருந்து அலறியது.

“கண்ணு! என்னாச்சு?” என்று மாதம்மாள் எழுந்துவிட்டாள்.

“ஒண்ணும் இல்லம்மா. நேத்துப் பெரிய புயலு. குருவிக்குப் போட்ட வேலியப் பாத்துட்டு வரலாம்னு சாயங்காலம் இந்தப் பக்கம் வந்தேன். அதுக்குள்ள தண்ணி ஏறி, கழுத்து உடைஞ்சிருச்சு. ஆத்தாட்டம் ஓடுது. திரும்பிப் போவ முடியல. படகு அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க. காத்து அடங்குனாத்தான் வரும்.” பிறகுதான் அம்மாவுக்குப் பின்னால் இருந்தவர்கள் அவனுக்குத் தெரிந்தார்கள். “வணக்கமுங்க. இந்தக் கோலத்துல வந்ததுக்குத் தப்பா நெனச்சுக்காதீங்க.”

“சாப்பாடு? குடிக்கத் தண்ணி?”

“இருக்குதும்மா. பிஸ்கட்டு இருக்குது.”

மாதம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போது மூன்றடி தள்ளி இருந்த கிருஷ்ணப்பன், வந்தவர்களைத் தாண்டிக்கொண்டு போய்ப் போனுக்கு முன்னால் குந்தினார். மகன் வீடியோவில் பேசத் தொடங்கிய மூன்று வருடத்தில் முதல்முறை.

“டேய். எங்க நிக்கற?”

“லைட்ஹவுஸ்கிட்டப்பா.”

“புகைக்குழாய்க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

“கடல் பக்கம்.”

“அங்க ஏன்டா நிக்கற? அது பள்ளம். நவம்பர்ல தண்ணி ஏறுன எடம்னு நீதான காட்டுன? ஆட்டுப்பட்டிக்குக் கிழக்க ரெண்டாவது வரப்பு இருக்குதுல்ல, அதுதான் எல்லாத்துலயும் மேடு. அதுமேல போ.”

கதிரவன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

“ராத்திரி முழுக்க அங்கதான்ப்பா இருந்தேன். இப்பத் தண்ணி வடியுது. சிக்னலுக்காக இங்க வந்தேன்.”

“பேசி முடிச்சதும் திரும்ப அங்க போ. அடுத்த தண்ணி எப்ப ஏறும்?”

“ஆறு மணி நேரம் ஆவும். அதுக்கு முன்னாடி படகு வந்துடும்.”

சென்றாயன் தொண்டையைச் செருமினார். இவ்வளவு நேரம் தன்னை யாரும் கவனிக்காதது அவருக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, சுற்றுச்சூழல் அதிகாரின்னு சொன்னாங்க. இது என்னா வேலை? பர்மனெண்டா?” என்று கேட்டார்.

கதிரவனுக்கும் அப்பாவின் வாய்தான். “இல்லீங்க. வருசா வருசம் கான்ட்ராக்ட்தான். இப்பக் கழுத்து உடைஞ்சதால அடுத்த வருசம் வேலை இருக்குமான்னே தெரியாது. கழுத்தக் கட்டப் போறதில்ல, கடலு என்னா பண்ணுதோ பண்ணட்டும்னு ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தாங்க.”

அதோடு திரை உறைந்து, இணைப்பு அறுந்தது. குமார் தலையில் கைவைத்துக்கொண்டான்.

சென்றாயன் வாழையிலையில் கையைத் துடைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கு இப்போது நல்ல உற்சாகம்.

“ஆகமொத்தம் பீச்சுல வாட்ச்மேன். அதுவும் டெம்பரரி. இதுக்கு எதுக்குங்க அவ்ளோ தொலைவு? மெரினாவுல சொன்னா நானே வாங்கிக் குடுத்திருப்பேனே.” அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

கிருஷ்ணப்பன் போனுக்கு முன்னாலிருந்து எழுந்தார். மாதம்மாள் கண்ணால் கெஞ்சினாள்.

“பீச்சு இல்லீங்க” என்றார் கிருஷ்ணப்பன்.

“பீச்சுதான். கடலோரம்னா பீச்சு.”

“மணலு இருந்தாப் பீச்சு. இங்க ஒரு பிடி மணலு கெடையாது. தெரியலன்னாத் தெரியலன்னு சொல்லுங்க. அடியில ஊரு, மொட்டைக் கோபுரம். அங்கிருந்து கால்மணி நேரம் நடந்தாக் கழுத்து. ஒருபக்கம் கடலு, ஒருபக்கம் சேறு. இப்ப அது உடைஞ்சிருச்சு, இனிமே அது தீவு. கழுத்துக்கு அந்தாண்ட பதினேழு வரப்பு. ஒவ்வொண்ணும் ஒரு காலத்துக் கடலோரம். வடக்க இருக்கற வரப்பு எங்க பாட்டன் முப்பாட்டன் பொறக்கறதுக்கு முன்னாடி போட்டது. கடலு நாளுக்கு நாளு கல்ல உருட்டி நுனியில கொண்டுபோய்ச் சேக்குது. அதனால நுனி வளந்துக்கிட்டே போவுது, கழுத்து தேஞ்சுக்கிட்டே வருது. அது மேலதான் குருவி முட்டை வெக்குது. உருப்படாத வேலைதான். நானே சொல்றேன், உருப்படாத வேலை. ஆனா பீச்சு இல்ல.”

குமார் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். பதினேழு வரப்பு என்று மாதம்மாளுக்கே தெரியாது.

“இருக்கட்டுங்க, எத்தன வரப்பு இருந்தா என்னா. காவல் வேலை காவல் வேலைதான?” என்றார் சென்றாயன். “நான் இருபத்தெட்டு வருசம் சர்வீஸ் போட்டவன். ஒரு செக்சனே என் கையில இருந்துச்சு. வேலைன்னா என்னான்னு எனக்குத் தெரியாதா?”

“என்னா இருந்துச்சு உங்க கையில?”

“ஃபைலு. ரெக்கார்டு. எட்டு பீரோ.”

“எட்டு பீரோ. அதுக்குள்ள காயிதம். அதுக்கு நீங்க இருபத்தெட்டு வருசம் காவல். சரிங்க, அந்தக் காயிதத்துல ஒண்ணாவது குஞ்சு பொரிச்சிருக்குதா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தபோது வெண்மதி தலையைக் குனிந்து பழத்தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

சென்றாயன் எழுந்தார். முகம் வெங்கலப் பானைபோல ஆகியிருந்தது. “எந்திரி நிர்மலா. மரியாத தெரியாத வூட்டுல நமக்கு என்னா வேலை?” என்றார். நிர்மலா கையிலிருந்த ஒப்புட்டை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே எழுந்தாள். “அதை அங்க வெச்சிட்டு வா!” வைத்துவிட்டுப் போனாள். பழத்தட்டுகள் திரும்பவும் மடியில் ஏறின. கார் கிளம்பியதும் எதிர்வீட்டு நாய் மட்டும் தெருமுனை வரை வழியனுப்பப் போனது.

மாதம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுப்பை அணைத்தாள். மீதமிருந்த ஒப்புட்டை அப்படியே எடுத்துப்போய்க் குமார் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து புருசனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

எட்டு மணிக்குக் கதிரவனிடமிருந்து செய்தி வந்தது. படகில் கரை சேர்ந்துவிட்டான். மாதம்மாள் அதைக் குமாருக்குப் போனில் உரக்கப் படித்துக் காட்டினாள். புருசனுக்குக் கேட்கட்டும் என்றுதான். அவர் கேட்டார். கேட்டுவிட்டுத்தான் சட்டையைக் கழற்றினார்.

மறுநாள் குமாருக்குப் பாப்பாரப்பட்டியிலிருந்து பதில் வந்துவிட்டது. ஒத்துவராது. குமார் அதைச் சொல்ல வந்தவன் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு, “மாமா, நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் நெசந்தான். அதான் மாமா பிரச்சனையே” என்று முடித்தான்.

பத்து நாள் போனது. கொள்ளுச் செடியைக் களத்தில் அடித்துத் தூற்றினார்கள். அவள் தூற்ற, அவர் கூட்டி அள்ள, நடுவில் பேச்சில்லை. சாப்பாட்டு வேளைக்குக் களி உருண்டை தட்டில் விழும் சத்தம்தான் அழைப்பு. கிருஷ்ணப்பன் தானாகவே பேசிப் பார்த்தார். “நான் அவனத் திட்டலாம். பெத்தவன். ஊரு நெலவரம் தெரியாத ஒருத்தன் வந்து எம் மவன வாட்ச்மேன்னு சொல்லுவானா?” என்றார். மாதம்மாள் முறத்தைத் தட்டினாள். “சரி, பேசாமலே இரு, போ” என்றார். அவள் இருந்தாள்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை கதிரவன் பேசினான். அவனுக்கு எல்லாம் குமார் மூலம் போயிருந்தது. படகில் அந்தப் பக்கம் போய்வருவதாகச் சொன்னான். மே மாதம் தாண்டுகிற வரைக்கும் வேலை உண்டு என்றான். “குருவி வரப்போவுது, அதுக்குள்ள நிறுத்தமாட்டாங்க.” கிருஷ்ணப்பன் சுவரைப் பார்த்தபடி, “காவக்காரனுக்குப் படகு வேற” என்றார். அங்கே கதிரவன் சிரித்ததும் இங்கே மாதம்மாள் போனை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

பதினோராம் நாள், வியாழக்கிழமை. சாயங்காலம் ஐந்தே முக்கால் இருக்கும். மாட்டுக்குத் தீனி அறுத்துக்கொண்டு வந்த கிருஷ்ணப்பன், வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்பதைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றியதும்தான் அடையாளம் தெரிந்தது. வெண்மதி. கழுத்தில் பேங்க் அடையாள அட்டை தொங்கியது. மாதம்மாளும் உள்ளிருந்து வந்து கதவுப்பக்கம் நின்றாள்.

“பாப்பாரப்பட்டி போற வழியில வந்தேனுங்க” என்றாள் வெண்மதி. “அவரோட நம்பர் வேணும்.”

“எவரோட நம்பரு?” என்றார் கிருஷ்ணப்பன். தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

“ரெண்டாவது வரப்புல நின்னவரோடதுங்க.”

மாதம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு போன் எடுக்க உள்ளே ஓடினாள். கிருஷ்ணப்பன் தீனிக்கட்டைக் கீழே போட்டார். “ப்ளஸ்ஸு போட்டுக்க. நாப்பத்து நாலு” என்று தொடங்கி, மீதிப் பத்து எண்ணையும் இரண்டிரண்டாகச் சொல்லி முடித்தார். அந்த எண்ணுக்கு அவர் ஒருநாளும் போன் செய்ததில்லை. வெண்மதி எழுதியதைத் திருப்பிப் படித்தாள். ஒரு இடத்தில் தவறு இருந்தது. அவர் திருத்தினார்.

“உங்க மாமனுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க. தெரிஞ்சப்பறம் என்னா சொல்லுவாருன்னு தெரியும். அத இருபத்தேழு வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

கிருஷ்ணப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எதையும் மறைத்துச் சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை.

“இங்க பாரு கண்ணு, நெசத்தச் சொல்லிடறேன். அவன் வேலைய நம்பாத. இருந்தாலும் இருக்கும், போனாலும் போவும். அந்த எடம் ஒரு எடமே இல்ல. பேய்க்காத்து, ராவும் பகலும் குளுரு. பேச்சுத் துணைக்கு ஒரு மனுசப் பொறவி கெடையாது. கல்லுதான் மனுசன்.”

வெண்மதி போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினாள்.

“எங்க வூட்டு மனுசங்களத்தான் பாத்தீங்களே மாமா” என்றாள்.

வண்டி உறுமியது. கதவுப்பக்கம் கண்ணாடியும் போனுமாக வந்து நின்ற மாதம்மாள், பதினோரு நாள் கழித்து, புருசனைப் பார்த்துக் கத்தினாள்.

“மரமாட்டம் நின்னுக்கிட்டு இருக்கறீங்களே! வண்டிய நிறுத்தச் சொல்லுங்க, புள்ள காபி குடிச்சிட்டுப் போவட்டும்!”